பேத்தி தங்கின முதல் ராத்திரி

போன ஐப்பசியில ஒரு வெள்ளிக்கிழமை என் மகளுக்கு மதுரைக்குப் போக வேண்டிய வேலை வந்துச்சு. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அங்க ஒரு இன்டர்வியூ. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவ, இப்பத்தான் திரும்பப் போகலாம்னு பார்க்கிறா. மாப்பிள்ளைக்கு சென்னையில லீவு கிடைக்கல. அதனால பேத்தி ஒரு ராத்திரி எங்ககூடத் தங்கணும்னு முடிவாச்சு.

பேத்திக்கு அப்ப 22 மாசம். பிறந்ததுல இருந்து ஒரு ராத்திரிகூட அம்மா இல்லாமத் தூங்கினதில்ல. பேரு எழுத மாட்டேன், கண்ணு பட்டுரும்னு வீட்டம்மா சண்டைக்கு வருவா. பாப்பான்னே வச்சுக்குவோம்.

"ஏத்தா, சனிக்கிழமை வெள்ளன பஸ்ஸப் பிடிச்சாலே எட்டு மணிக்குள்ள மதுரை போயிரலாமே, எதுக்கு முந்தின நாளே போற?"ன்னு கேட்டேன். மக அவங்கம்மா மூஞ்சியப் பார்த்தா. அவங்கம்மா அடுப்பப் பார்த்தா. ரெண்டு பேரும் ஏற்கனவே பேசி முடிச்சுட்டாங்கன்னு அப்பத்தான் புரிஞ்சது. இந்த வீட்டுல எந்த விஷயமும் எனக்குக் கடைசியாத்தான் வரும்.

விஷயம் இதுதான். பாப்பா ராத்திரி நாலஞ்சு தடவை எந்திரிச்சுப் பால் கேக்குது. "டாக்டர் ரெண்டு வயசு வரைக்கும், அதுக்கு மேலயும்கூடக் குடுக்கலாம்னுதான்ப்பா சொல்றாங்க. பகல்ல குடுக்கிறதுல எனக்கு ஒன்னும் இல்ல. ஆனா சேர்ந்தாப்ல மூணு மணி நேரம் தூங்கி ரெண்டு வருஷம் ஆகப்போகுது. இப்படியே எப்படி வேலைக்குப் போறது?"ன்னா. ராத்திரிப் பாலை மட்டும் நிறுத்தணும். பக்கத்துல அம்மா இல்லாத ஒரு ராத்திரிய அது பழகிட்டா நிறுத்துறது லேசு. அதுக்குத்தான் முந்தின நாளே போறது.

எங்க பக்கம் பால் மறக்கடிக்க ரெண்டு வழி வச்சிருப்பாங்க. ஒன்னு, மார்ல வேப்பெண்ணெயத் தடவுறது. இன்னொன்னு, பிள்ளையக் கொண்டுபோய் அம்மாச்சி வீட்டுல நாலு நாள் விட்டுர்றது. வேப்பெண்ணெய் வேண்டவே வேண்டாம்னுட்டா என் மக. "நேத்து வரைக்கும் இனிச்சது இன்னைக்கு ஏன் கசக்குதுன்னு அவளுக்கு யாரு விளக்கிச் சொல்றது?"ன்னு கேட்டா. நாங்க எத்தனை பிள்ளைகளுக்குத் தடவிவிட்டிருக்கோம், ஒருத்தருக்கும் இப்படிக் கேக்கத் தோணினதில்ல.

எங்க வீடு போடியத் தாண்டி முந்தல் போற பக்கம், மலையடிவாரத்துல இருக்கு. ஒன்றரை ஏக்கர். தென்னை, கொஞ்சம் மா, வேலியோரமா ரெண்டு இலவ மரம். முந்தல்ல இருந்து ரோடு ரெண்டாப் பிரியும். ஒன்னு குரங்கணிக்கு, இன்னொன்னு 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டுக்கு. மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளா, ஏலமலை. விடியறதுக்கு முன்னாடியே எங்க வீட்டத் தாண்டி ஜீப்பு ஜீப்பா ஆள் ஏறிப் போவாங்க, முக்கால்வாசி பெண்கள். காய் எடுக்கப் போறவங்க. சாயங்காலம் திரும்பி இறங்குவாங்க. அவங்க பிள்ளைகளப் பகலெல்லாம் பார்த்துக்கிறது யாருன்னு நினைக்கிறீங்க? பாட்டிகதான். அதனால பாட்டிகூடப் பிள்ளை தங்குறதெல்லாம் எங்க ஊர்ல ஒரு சேதியே இல்ல. சொல்லப்போனா என் மகளே அப்படி வளர்ந்தவதான். அதத்தான் இங்க எழுதணும்னு உக்காந்தேன், ஆனா முதல்ல அந்த ராத்திரியச் சொல்லிர்றேன்.

போடியில இருந்து மதுரைக்கு சாயங்காலம் ஒரு பாசஞ்சர் ரயில் இருக்கு. எங்களுக்கு ரயில்னாலே ஒரு இது. 1928-ல வந்த லைன். அகலப்பாதை போடுறோம்னு 2010 முடிஞ்ச கையோட நிறுத்தினாங்க. திரும்ப போடி வரைக்கும் ரயில் வந்தது 2023 ஜூன்ல. பன்னண்டு வருஷத்துக்கு மேல ஸ்டேஷன்ல ஆடு மேஞ்சது. இப்ப சென்னைக்கே இங்க இருந்து வண்டி இருக்குன்னா எங்களுக்கு இன்னும் நம்ப முடியல.

ஸ்டேஷனுக்கு எல்லாரும் போனோம். கிளம்புறப்ப வீட்டம்மா, "நாங்க அவளுக்கு எஞ்சினக் காட்டிக்கிட்டு இருக்கோம், நீ பைய ஏறிப் போயிரு. கண்ணுல படாமப் போனா அழ மாட்டா"ன்னா.

மக நின்னுட்டா. "இல்லம்மா. சொல்லிட்டுத்தான் போவேன். அழுதாலும் பரவாயில்ல." அப்புறம் கொஞ்சம் இறங்கின குரல்ல, "நீங்க ரெண்டு பேரும் சொல்லாமத்தான் போவீங்க. காலையில எந்திரிச்சுப் பார்த்தா பாய் சுருட்டியிருக்கும்"னா.

கோவமாச் சொல்லல. சும்மா ஞாபகம் வந்தத சொல்ற மாதிரிதான் சொன்னா. நான் பாப்பாவத் தூக்கிட்டு எஞ்சினப் பக்கம் நடந்துட்டேன்.

மக பாப்பா முன்னாடி உக்காந்து, "அம்மா மதுரைக்குப் போறேன், நாளைக்கு வந்துருவேன், நீ தாத்தா அம்மாச்சிகூடப் படுத்துக்கோ"ன்னு பெரிய ஆளுக்குச் சொல்ற மாதிரி சொன்னா. பாப்பா எல்லாத்துக்கும் தலையாட்டுச்சு. வண்டி நகரும்போது டாட்டா காட்டுச்சு. எங்களுக்கு ஆச்சரியமாப் போச்சு. அட, இம்புட்டுத்தானான்னு இருந்துச்சு. எக்ஸெல் வண்டியில முன்னாடி நிக்க வச்சு, வீட்டம்மா பின்னாடி உக்கார, வீடு வந்து சேர்ந்தோம். வாசல்ல இறக்கிவிட்டதும் பாப்பா நேரா உள்ள ஓடுச்சு. ரூமு, அடுப்படி, கொல்லைப்பக்கம் எல்லாம் போய்ப் பார்த்துட்டு வந்து கேட்டுச்சு: "அம்மா?"

ரயில் போனது ஒரு விளையாட்டு, அம்மா வீட்டுல இருப்பான்னு நினைச்சிருக்கு.

சாப்பாடு பிரச்சனை இல்ல. ரசஞ்சோறு அஞ்சாறு வாய் வாங்குச்சு. கன்னுக்குட்டியப் பார்த்துச்சு. எட்டு மணிக்கு மழை பிடிச்சது, ஐப்பசி மழை, இடியோட. எட்டரைக்குக் கரண்டு போச்சு. சென்னையில லிஃப்டு, இன்வெர்ட்டர்னு வளர்ந்த பிள்ளைக்கு இருட்டுன்னா என்னன்னே தெரியாது. ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் ஆரம்பிச்சுச்சு பாருங்க.

அழுகையில எத்தனை தினுசுன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். பசிக்கு அழறது ஒரு மாதிரி, தூக்கத்துக்கு அழறது ஒரு மாதிரி. இது ரெண்டும் இல்ல. வாசக்கதவு பக்கம் கையக் காட்டி, "அம்மா போவோம், அம்மா போவோம்"னு. வீட்டம்மா தோள்ல போட்டுக்கிட்டு நடந்தா. தாலாட்டுப் பாடினா. எங்க அம்மா பாடுற மெட்டு, வார்த்தை பாதி மறந்துட்டா. பாப்பாவுக்கு அது வேண்டாம். பால் காய்ச்சிக் கிண்ணத்துல குடுத்தோம், தட்டிவிட்டுருச்சு. கேக்குற பால் அது இல்லையே.

எங்க வீட்டு ஹால்ல கூரையில ஒரு இரும்புக் கொக்கி இருக்கு. கான்கிரீட் போடுறப்பவே கம்பியோட சேர்த்துக் கட்டி விட்டது. இந்தப் பக்கம் யாரு வீடு கட்டினாலும் தொட்டிலுக்குன்னு ஒரு கொக்கி விட்டுத்தான் கட்டுவாங்க. மகளோட சென்னை ஃபிளாட்டுல அப்படி ஒன்னு கிடையாது, ஓட்டை போட்டா ஓனர் சத்தம் போடுவார். 22 மாசம் வரைக்கும் பாப்பா சேலைத் தொட்டில்ல படுத்ததே இல்ல. கயித்தப் போட்டு, வீட்டம்மாவோட பழைய நூல் சேலைய நாலா மடிச்சுக் கட்டினேன். கனம் தாங்குமான்னு முதல்ல நான் ஒரு கையால தொங்கிப் பார்த்தேன். தலைக்கு இலவம்பஞ்சுத் தலையணை, நம்ம மரத்துப் பஞ்சு. போடி இலவம் பஞ்சுக்குப் பேர் போன ஊருன்னு உங்கள்ல சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும்.

தொட்டில் வேலை செஞ்சுச்சு. ஒன்பது மணி வாக்குல விசும்பல் குறைஞ்சு, கண்ணு சொருகி, தூங்கிப்போச்சு. நாங்க ரெண்டு பேரும் மூச்சு விடாம உக்காந்திருந்தோம். அஞ்சு நிமிஷம் இருக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் காட்டுப்பன்றிய விரட்ட வெடியப் போட்டார்! சோளக்காட்டுக்குள்ள பன்றி இறங்கியிருக்கு, அவரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அந்த நேரத்துல அவரை நான் வஞ்ச வார்த்தைய இங்க எழுத முடியாது.

திரும்பவும் முதல்ல இருந்து. முன்னைவிட ஜாஸ்தி. அந்த நேரம் பார்த்து மகளோட போன்.

நான் போனை எடுத்துக்கிட்டு வெளிய ஓடினேன். தூத்தல்ல நனைஞ்சுக்கிட்டே தென்னந்தோப்புக்குள்ள ரொம்ப தூரம் போயிட்டேன், சத்தம் கேக்கக் கூடாதுன்னு. "தூங்கிட்டாத்தா. நல்லா சாப்பிட்டா. உன்னத் தேடவே இல்ல. நீ நிம்மதியாப் படு, காலையில இன்டர்வியூ"ன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்ல. "தேடவே இல்லையாப்பா?"ன்னு கேட்டா. "இல்லவே இல்ல"ன்னேன்.

உள்ள வந்தேன். வீட்டம்மா அழுகுற பிள்ளையத் தோள்ல வச்சுக்கிட்டு என்னையே பார்த்தா. "என்ன சொன்னீங்க?"

சொன்னேன்.

"உங்க அம்மா நம்மகிட்ட சொன்ன பொய்யவே நீங்களும் அவகிட்ட சொல்றீங்களா?"ன்னா.

இதுக்கு நான் 1997-க்குப் போகணும். தேனி தனி மாவட்டம் ஆன சமயம். மகளுக்குப் பத்து மாசம். எங்களுக்கு நிலம் கிடையாது, கடன் இருந்துச்சு. சாந்தன்பாறைக்குப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்துல புருஷன் பொண்டாட்டியா வேலைக்குச் சேர்ந்தோம். லயத்துல தங்கி வேலை. திங்கக்கிழமை விடியறதுக்கு முன்னாடி ஜீப்புல ஏறினா சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவோம். 50 பெண்களுக்கு மேல வேலை பார்க்கிற தோட்டத்துல பிள்ளைகளப் பார்த்துக்க இடம் வைக்கணும்னு 1951-லயே சட்டம் வந்திருந்துச்சு. நாங்க போனது சின்னத் தோட்டம், அதுக்கெல்லாம் வாய்ப்பில்ல. மழை, குளிரு, அட்டை. கைப்பிள்ளைய எங்க வைக்கிறது? எங்க அம்மாகிட்ட விட்டுட்டுப் போனோம்.

பிள்ளை தூங்கிட்டு இருக்கும்போதே கிளம்பிருவோம். முழிச்சிருந்தா கிளம்ப முடியாது.

முதல் சனிக்கிழமை வந்து, "பிள்ளை எப்படிம்மா இருந்துச்சு?"ன்னு கேட்டோம். "உங்களத் தேடவே இல்ல. சிரிச்சுக்கிட்டே கிடந்துச்சு"ன்னாங்க அம்மா. அதுக்கப்புறம் எல்லா வாரமும் அதே பதில்தான். எனக்கு அது ஒரு தைரியமா இருந்துச்சு. அம்மா தவறி பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த பக்கத்து வீட்டு அத்தைதான் உடைச்சாங்க. முதல் வாரம் மூணு நாளும் ராத்திரி கத்தித் தீர்த்துச்சாம். ரோட்டுல ஜீப்பு சத்தம் கேக்குறப்பல்லாம் தவழ்ந்து வாசலுக்குப் போகுமாம்.

இது எனக்குத் தெரிஞ்ச கதை. தெரியாத கதைய அன்னைக்கு ராத்திரிதான் வீட்டம்மா சொன்னா. கல்யாணம் ஆகி முப்பது வருஷம் ஆச்சு, ஒரு நாளும் சொன்னதில்ல.

ஏலச்செடியில காய் மரத்துல மாதிரி மேல தொங்காது. அடித்தூர்ல இருந்து சரம் கிளம்பி மண்ணு மேல படர்ந்து கிடக்கும். குனிஞ்சோ குத்த வச்சோதான் எடுக்கணும், நாள் பூரா. அஞ்சு கிலோ பச்சைக்காய் எடுத்து ஸ்டோர்ல காய வச்சா ஒரு கிலோ நிக்கும், அப்ப எத்தனை தடவை குனியணும்னு கணக்குப் போட்டுக்கங்க. பத்து மாசப் பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தவ ஒரே நாள்ல நிப்பாட்டிட்டு அந்த வேலைக்குப் போயிருக்கா. ரெண்டாம் நாளே மார் கல்லாட்டம் கட்டிக்கிச்சு. குனிய முடியல. செடி மறைவுல போய்ப் பாலைப் பீச்சி மண்ணுல விட்டிருக்கா. காய்ச்சல் வேற. கூட காய் எடுத்த ஒரு அக்கா மட்டும் பார்த்துட்டு, அவங்க நிறையையும் சேர்த்து எடுத்துக் குடுத்திருக்காங்க, கங்காணி கண்டுக்காம இருக்கட்டும்னு. நான் அப்ப மேல காட்டுல நிழல்மரத்துக் கிளை கழிச்சுக்கிட்டு இருந்தேன். ராத்திரி வந்து, "ஏன் சோர்ந்து கிடக்க?"ன்னு கேட்டேனாம். "குளிரு"ன்னாளாம். சரின்னு தூங்கிட்டேனாம்.

"சனிக்கிழமை வீட்டுக்கு வந்து மொத வேலையா பிள்ளைய வாங்கி மடியில போட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. உங்க அம்மாவப் பார்த்துக் கையத் தூக்குச்சு. அதோட முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அது என்கிட்ட பால் குடிக்கவே இல்ல"ன்னா.

இதெல்லாம் அழுகுற பிள்ளைய வச்சுக்கிட்டு, இருட்டுல, நடந்துக்கிட்டே சொன்னது. நான் பதில் ஒன்னும் சொல்லல. என்ன சொல்றது?

பதினோரு மணி சுமாருக்கு மக திரும்பக் கூப்பிட்டா. இந்தத் தடவை போனை வீட்டம்மா எடுத்தா. வெளிய போகல. பாப்பா அழுகுறது அப்படியே கேட்டிருக்கும். "தூங்கல. உன்னத் தேடுது. ஒன்பது மணிக்கு ஒரு தடவை தூங்குச்சு, வெடி போட்டு எழுப்பிட்டாங்க. உங்கப்பா சொன்னது பொய்யி"ன்னா.

மக அழுவான்னு நினைச்சேன். அவ சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு, அப்புறம்தான் அழுதா. "அப்பா தேடவே இல்லன்னு சொன்னதும் எனக்கு எப்படியோ ஆயிருச்சும்மா"ன்னாளாம். அவளும் தூங்கல. தோழி வீட்டு பாத்ரூம்ல நின்னுக்கிட்டு இருக்கா, மார் வலி தாங்கல.

வீட்டம்மா குரலே மாறிப்போச்சு. "இளஞ்சூட்டுத் தண்ணியில துணிய நனைச்சு ஒத்தடம் குடு. அப்புறம் கொஞ்சமாப் பீச்சு. வலி அடங்குற அளவுக்கு மட்டும். முழுக்க எடுத்தா திரும்பவும் நிறையும். அப்புறம் பச்சத்தண்ணித் துணி போடு." மக ஏதோ கேட்டிருக்கா. "மல்லிகைப்பூவா? மதுரையில பூவுக்கா பஞ்சம். வேண்டாம், வச்சுக் கட்டிறாத. பால் வத்திப்போகும். நாளைக்கு வந்தா அவ கேப்பால்ல?"

மல்லிகைப்பூவ மார்ல வச்சுக் கட்டினா பால் வத்தும்ங்கிறது பழைய கைவைத்தியம். சும்மா சொல்லல, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இத ஆராய்ச்சி பண்ணி 1988-ல கட்டுரையே போட்டிருக்காங்கன்னு மக அப்புறம் காட்டினா. அன்னைக்கு எனக்கு ஓடினது வேற யோசனை. பால் மறக்கடிக்கத்தானே இம்புட்டு ஏற்பாடும்? அதுக்குக் கூட்டு சேர்ந்தவளே இப்ப பால் வத்தக் கூடாதுங்கிறாளேன்னு. ஆனா வாயத் திறக்கல.

வீட்டம்மா கை ஓய்ஞ்சு போச்சு. "நீங்க பிடிங்க"ன்னு பாப்பாவ என்கிட்ட குடுத்துட்டுச் சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டா.

எனக்குப் பாடத் தெரியாது. கதை தெரியாது. பெத்த பிள்ளையத் தூங்க வச்சதும் இல்ல, வீட்டுல இருந்தாத்தானே. தொட்டில்ல போட்டு ஆட்ட ஆரம்பிச்சேன். என்ன சொல்றதுன்னு தெரியாம, "ஜீப்புல போவோமா?"ன்னேன். பாப்பா ஒரு நொடி அழுகைய நிறுத்திச்சு. அதையே பிடிச்சுக்கிட்டேன். "போடியில ஏறியாச்சு. முந்தல் வந்தாச்சு. செக்போஸ்ட்டு. இப்ப மலை. ஒன்னாவது வளைவு, டுர்ருனு..." தொட்டில ஒரு பக்கம் இழுத்து விடுவேன். "ரெண்டாவது வளைவு..." இன்னொரு பக்கம்.

வாரா வாரம் எத்தனை வருஷம் ஏறி இறங்கின ரோடு. எந்த வளைவுல தண்ணி ஓடும், எந்த வளைவுல குரங்கு உக்காந்திருக்கும், எதுல இருந்து பார்த்தா போடி ஊரு விளக்கு முழுசாத் தெரியும், எல்லாம் மனப்பாடம். எல்லாத்தையும் சொன்னேன். சுவத்துப் பக்கம் இருட்டுக்குள்ள இருந்து, "பதினொன்னு ரெண்டு தடவை சொல்லிட்டீங்க"ன்னு வீட்டம்மா குரல் வந்துச்சு. போடிமெட்டு வந்தாச்சு. தோண்டிமலை, பூப்பாறை, சாந்தன்பாறை. அங்க வரைக்கும் பாப்பா தூங்கல, ஆனா அழவும் இல்ல. விரலச் சூப்பிக்கிட்டு என்னையே பார்க்குது.

"சரி, இன்னைக்கு சனிக்கிழமை. வீட்டுக்குப் போவோம்"னு ஜீப்பத் திருப்பினேன். பதினேழு, பதினாறு, பதினஞ்சுன்னு இறங்கி வந்தேன். ஆறாவது வளைவுல தூங்கிருச்சு. நான் நிறுத்தல. முந்தல் வரைக்கும் வந்துதான் நிறுத்தினேன்.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சுச்சு. முந்தல்ல இருந்து திரும்ப ஏறினோம், இந்தத் தடவை மூணாவது வளைவ எட்டல. நாலரைக்கு ஜீப்பு எல்லாம் ரோட்டுல போக ஆரம்பிச்சுச்சு. அந்தச் சத்தத்துக்கு பாப்பா முழிக்கல. வீட்டம்மா முழிச்சிருந்தா.

காலையில ஒரு சிக்கலும் இல்ல. பாப்பா எந்திரிச்சது, என்னப் பார்த்து "டுர்ர்"ங்குச்சு. கன்னுக்குட்டிகூடப் பாதிப் பொழுது போச்சு. இலவ மரத்தடியில கிடந்த காஞ்ச நெத்துல ஒட்டியிருந்த பஞ்ச ஊதிவிட்டேன், அது பின்னாடியே ஓடுச்சு. மத்தியானம் பருப்புச்சோறு தின்னுட்டு தானாத் தூங்குச்சு. அம்மான்னு ரெண்டு தடவை கேட்டுச்சு, "சாயங்காலம் வருவா"ன்னு உள்ளத சொன்னோம்.

மக பஸ்ல வந்து இறங்கினப்ப மணி அஞ்சு இருக்கும். பாப்பா என் கால் பக்கம் நின்னுச்சு. அம்மாவப் பார்த்துட்டு ஓடல. என் வேட்டியப் பிடிச்சுக்கிட்டு காலுக்குப் பின்னாடி போய் நின்னு எட்டிப் பார்த்துச்சு. மக கேட்டுக்குப் பக்கத்துலயே பைய வச்சுட்டு அசையாம நின்னா. நான் வீட்டம்மாவப் பார்க்கல. பார்க்க முடியல.

பத்து எண்ணுறதுக்குள்ள இருக்கும். அப்புறம் பாப்பா வேட்டிய விட்டுட்டு ஓடுச்சு பாருங்க, செருப்பு ஒரு பக்கம் தான் ஒரு பக்கமா. மக அங்கேயே களத்துல உக்காந்துட்டா. உக்காந்த மறுநிமிஷம் பாப்பா துப்பட்டாவப் பிடிச்சு இழுக்க ஆரம்பிச்சுருச்சு. மக அவங்கம்மாவ நிமிர்ந்து பார்த்தா, என்ன செய்யன்னு கேக்குற மாதிரி.

"பகல்தானே, குடு"ன்னா வீட்டம்மா. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன். திரும்பி வந்தப்ப வீட்டம்மா அவங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துல தரையில உக்காந்து பாப்பாவோட பாதத்தப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. காப்பி கேக்கலாம்னு வந்தவன் நானே போய்ப் போட்டுக்கிட்டேன், நாலு பேருக்கும்.

அன்னைக்கு ராத்திரி மூணு தடவை எந்திரிச்சுப் பால் கேட்டுச்சாம். நாலஞ்சுல இருந்து மூணு. அதுக்கே மக சந்தோஷப்பட்டா. இன்டர்வியூ என்னாச்சுன்னு கேப்பீங்க. தூக்கமில்லாத கண்ணோட போய் உக்காந்து, கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கா. இன்னும் தகவல் வரல.

ஞாயித்துக்கிழமை ராத்திரி சென்னை ரயிலுக்கு ஏத்திவிடப் போனோம். ஜன்னல் வழியா பாப்பா என்னப் பார்த்துக் கையில ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி காட்டுச்சு. வீட்டம்மாவுக்கு அது என்னன்னு புரிஞ்சது, மகளுக்குப் புரியல. போன்ல விளக்கிச் சொன்னேன். இப்ப தினமும் ஒன்பது மணிக்கு போன் வருது. ஸ்பீக்கர்ல போட்டு முந்தல்ல இருந்து கிளம்பணும். மாப்பிள்ளையும் கூட உக்காந்து கேக்குறாராம். வளைவு எண்ணிக்கையில தப்பு விட்டா இப்ப மூணு பேர் திருத்துறாங்க.

தொட்டில நான் இன்னும் அவிழ்க்கல. தேங்காய் எடுக்க வந்த ஆளு தலையில இடிக்குதுன்னு சத்தம் போட்டுட்டுப் போனார்.